பழி மெஷின் மேலே

"மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுது, ரெவி. நீங்க போயிட்டு வாங்க. காசை அடுத்த தடவை பாத்துக்கலாம்."

லோசா இப்படிச் சொன்னதும், பின்னால் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த கிளெனிஸுக்குச் சுருக்கென்றது. மர மில் தொழிலாளி ரெவி இருமிக்கொண்டே வெளியே போனான்.

டோகொரோவா ஊரின் அந்தச் சின்ன கிளினிக்கில் வரவேற்பு மேஜை கிளெனிஸின் ராஜ்ஜியம். கட்டணம் வாங்கும் புதுக் கார்டு மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒயர் மாட்டி, பாஸ்வேர்டு போட்டு உயிர் கொடுத்தது அவள்தான். அதற்காகக் கம்ப்யூட்டரில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் பாஸாகி, சான்றிதழை டீ போடும் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். முதல் நாள் மெஷின் மேல் கை வைத்து ஜெபம்கூடச் செய்தாள்.

நோயாளி ரகசிய எண்ணைத் தட்டும்போது எட்டிப் பார்க்கக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன விதி. கிளெனிஸ் ஒரு படி மேலே போய், கண்ணை இறுக மூடித் தலையையும் குனிந்துகொள்வாள். ஒரு பெரியவர் எண்ணைத் தட்டி முடித்ததும் "ஆமென்" என்றே சொல்லிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மெஷினை, நேற்று வேலைக்கு வந்த சமோவாப் பெண் லோசா குறை சொல்வதா?

"என் கையில ஒழுங்கா ஓடுற மெஷின், உன் கை பட்டா மட்டும் எப்படிம்மா படுத்துக்குது?"

"என் கை ராசி அப்படி, ஆன்ட்டி."

"சிரிக்காதே. கோளாறு மெஷின்லயா, உன்கிட்டயான்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். உன்னை நிரந்தரமா வச்சுக்கலாமான்னு டாக்டர் என்னைத்தான் கேட்டிருக்காரு."

லோசாவின் சிரிப்பு நின்றது. "இந்த வேலையை நம்பித்தான் ஆன்ட்டி, வீடு பிடிச்சு அம்மாவை ஆக்லாந்துலேருந்து கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அப்ப மெஷினை மரியாதையா நடத்தியிருக்கணும்."

கிளெனிஸ் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, பிறகு ஒருவர் லைனில் வந்தார். எதையோ தட்டிப் பார்த்தார்.

"மெஷினுக்கு ஒரு குறையும் இல்லைம்மா. லைனும் அறுபடலை. கார்டுல பணம் இல்லாத சில பேருக்கு 'இல்லை'ன்னு சொல்லியிருக்கு, அவ்வளவுதான். அது கோளாறு இல்லையே? செட் பண்ணினவங்க பிரமாதமா பண்ணியிருக்காங்க."

கிளெனிஸ் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள். பிறகு லோசாவை டீ போடும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பொய் சொல்லியிருக்கே!"

"ஆமா, ஆன்ட்டி."

"கூசாம ஆமாங்கிறியே! பணம் இல்லைன்னு மெஷின் காட்டினா, அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே? நான் அப்படித்தானே சொல்றேன்?"

"நீங்க சொன்னா ரக்பி மைதானம் வரைக்கும் கேக்குது, ஆன்ட்டி. ஹால் நிறைய ஆளுங்க. ஒருத்தர் மில்லுல கூட நின்னு வேலை செய்யிறவரு, ஒருத்தர் சர்ச்சுல பக்கத்துல உக்கார்றவரு. அவங்க முன்னாடி ரெவி தலை குனியணுமா? சம்பளம் வந்தா அவங்களே தேடி வந்து கட்டிடறாங்க. அதுவரைக்கும் பழியை மெஷின் மேல போட்டேன். மெஷினுக்கு ஏது மானம்? அது தாங்கும்."

"நல்லா இருக்கே நியாயம்! கையில இல்லாதவங்க கார்டை நீட்டக் கூடாது. சரி, இந்தப் பொய்யை முதல்ல யாருக்குச் சொன்னே?"

"அது எதுக்கு ஆன்ட்டி, விடுங்க."

"யாருன்னு கேட்டேன்."

"நெவில் அங்கிளுக்கு."

"எந்த நெவில்?"

"உங்க நெவில்தான்."

கிளெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க பல் டாக்டர்கிட்ட போயிருந்தீங்க. அங்கிள் முழங்காலைக் காட்ட வந்தாரு. ஹால்ல அவரோட பந்து உருட்டி விளையாடுற பௌல்ஸ் கிளப் ஆளுங்க மொத்தமும் இருந்தாங்க. கார்டை நீட்டினாரு, மெஷின் இல்லைன்னுடுச்சு. நான் மெஷினைத் திட்டினேன். மறுநாளே கைக்காசாக் கொண்டுவந்து கட்டிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது."

கிளெனிஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாதுகாப்பு வகுப்பு முடிந்த சூட்டோடு, திருடன் கைக்கு எட்டக் கூடாதென்று நெவிலின் கார்டுக்குரிய கூட்டுக் கணக்கிலிருந்த பணம் அத்தனையையும் வேறு கணக்குக்கு மாற்றியிருந்தாள். ரகசியம் வெளியே போகக் கூடாதென்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. திருடன் எவனும் வரவில்லை. வந்து மாட்டியது நெவில்தான்.

கடவுளே, நான் மட்டும் அன்றைக்கு மேஜையில் இருந்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு எண்ணைக் காப்பாற்றியிருப்பேன். வாயைத் திறந்து மனுஷனைக் கவிழ்த்திருப்பேன்.

இதுவரை எத்தனை பேரைக் கவிழ்த்தோமோ என்று நினைக்கவே அவளுக்குக் காது சுட்டது.

வெளியே டாக்டர் மார்ஷ் குரல் கொடுத்தார். "கிளெனிஸ்! கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க? கோளாறு மெஷின்லயா, பொண்ணுகிட்டயா?"

லோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கிளெனிஸ் எழுந்து வரவேற்பு மேஜைக்குப் போனாள். ஹாலில் காத்திருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

"பொண்ணு தங்கம், டாக்டர். மெஷின்லதான் கோளாறு," என்றாள் ஊருக்கே கேட்கும்படி. "செட் பண்ணினவளுக்கு ஒண்ணும் தெரியலை. இனிமே அது என் கையிலயும் மக்கர் பண்ணும்."