பதினொன்றாம் நம்பர் காட்டுக் குலவை

சைரன் அலறியது. ஒருத்திகூட ஓடவில்லை.

தேயிலைக்காட்டிலிருந்த பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நிதானமாக எடை போடும் கொட்டகைக்கு நடந்து வந்தார்கள்.

மண்சரிவு ஒத்திகை அத்தோடு முடிந்தது.

பின்னே? அதே ஃபாக்டரி சைரன்தான் தினமும் எடைக்குக் கூப்பிடுகிறது. அதை அபாய ஒலியாக வைத்த கமிட்டியில் ஒன்பது பேரும் ஆண்கள். ஒருவரும் கொழுந்து கிள்ளியதில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் முதல் டிகிரிக்காரி என்று என்னை மினிட்ஸ் எழுத உட்கார வைத்திருந்தார்கள். இந்தச் சைரன் சரிப்படாது என்று அன்றைக்கே சொன்னேன். எழுதும்மா, பேசாதே என்றார் தலைவர் ராக்கப்பன்.

இன்றைக்கு நோட்டை மூடினேன். மழை பிடித்தால் கரண்ட் போகும், சைரன் ஊமை. எங்களுக்குக் குலவை இருக்கிறது, ஒரு காட்டில் போட்டால் அடுத்த காடு வாங்கிப் போடும் என்றேன்.

ராக்கப்பனுக்கு முகம் கடுத்தது. "முளைப்பாரிக்குப் போடுற குலவைய எழவுக்குப் போடச் சொல்றியா புள்ள?"

"பொதைஞ்ச பெறகுதான் மாமா எழவு. நாங்க அதுக்கு முந்திப் போடுறோம்."

தேவிகுளத்திலிருந்து வந்த தாலுகா ஆபீசர் ஜின்சி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. பதினொன்றரைக்குக் குலவை. இருபது நிமிடத்தில் லயம் காலியாகி எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றால் திட்டத்தில் ஏற்றுவேன், இல்லாவிட்டால் சைரன்தான் என்றார்.

பகலில் லயத்தில் இருப்பது குழந்தைகளும் நடக்க முடியாதவர்களும்தான். தூக்க வேண்டியவர்கள் காட்டிலிருக்கும் பெண்கள். காதில் விழாவிட்டால் எல்லாம் போச்சு.

உச்சியில் பதினொன்றாம் நம்பர் காடு. மண் முதலில் நகர்வது அங்கேதான். முதல் குரலுக்கு ஆளை நாங்களே முடிவுசெய்து மேலே அனுப்பினோம். யாரென்று கமிட்டிக்குச் சொல்லவில்லை.

பதினொன்றரை.

ஒரு சத்தமும் இல்லை. மூடுபனி மட்டும். ராக்கப்பன் மாமா சிரித்தார்.

பிறகு வந்தது. கரகரவென்று, துருப்பிடித்த தொண்டையிலிருந்து. அறுந்தது. மறுபடி எழுந்தது.

ஒன்பதாம் நம்பர் வாங்கியது. ஏழு வாங்கியது. மலை முழுக்க நாக்குச் சுழன்றது.

சரிவெல்லாம் பெண்கள் பாய்ந்து இறங்கினார்கள். செல்வலட்சுமி அக்கா இடுப்புக்கு ஒரு பிள்ளையாக ஓடினாள். படுத்தே கிடக்கும் ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். நானும் ஓடினேன், கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது.

பதினாறு நிமிடம்.

முதல் குரல் கொடுப்பவர் பெயரைத் திட்டத்தில் எழுத வேண்டும், யார் என்று மேடம் கேட்டார்.

சந்தனம் என்றேன்.

ராக்கப்பன் மாமா என்னைப் பார்த்தார். தாலி அறுத்தவள் குலவையிடக் கூடாது என்று கோயில் வாசலில் அவளைக் கைகாட்டி நிறுத்தியவர் அவர்தான். அப்பாவை மண் மூடிய வருஷம் அது.

மேடம் பெயரை எழுதி முடித்தார்.

மேலே அம்மா இன்னும் நிறுத்தவில்லை.