இரண்டு பக்கத் தரகு

"வாங்குற ஆளுட்ட நீங்க ஒரு சதமும் எடுக்க ஏலா, நானா. அதுக்குச் சம்மதமெண்டா உறுதி எழுதுவம்" என்றாள் பரீனா.

தரகர் சுஹைர் வாய்க்குக் கொண்டுபோன பிளேன்டீயைத் திரும்ப மேசையில் வைத்தார்.

புத்தளத்தில் அவர் கைமாற்றிவிட்ட வீடுகளும் காணிகளும் ஏராளம். விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: என்னிடம் குறைத்துக்கொள், வாங்குகிறவனிடம் கறந்துகொள். வாங்குகிறவர்களும் அதே பாட்டைத் திருப்பிப் பாடுவார்கள். சுஹைர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் நூற்றுக்கு மூன்று வாங்கிவிடுவார். அதற்காகவே உறுதிப் பத்திரம் எழுதி முடியும்வரை இருவரையும் சந்திக்க விடமாட்டார். சந்தித்தால் தரகர் எதற்கு என்ற ஞானம் பிறந்துவிடும்.

பரீனா விற்கிற இந்த வீட்டு விஷயத்தில் அந்த வழக்கத்தை அவர் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார். ஏனென்றால் வாங்குகிற ஆள் வேறு யாருமில்லை, பரீனாவின் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா அஸீஸா.

தில்லையடியில் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அஸீஸா இருந்தாள். நோயில் விழுந்த உம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது அவள்தான். ஆனால் உம்மா மௌத்தான அன்று, ஜனாஸா உம்மாவின் சொந்த வீட்டிலிருந்துதான் போகவேண்டும் என்று பரீனா ஒற்றைக்காலில் நின்றாள். தன் வீட்டிலிருந்து எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள் அஸீஸா. கடைசியில் ஜனாஸா பரீனா குடியிருக்கும் இந்த வீட்டிலிருந்துதான் போனது. அன்றைக்குப் பிறகு அஸீஸா இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. பரீனாவும் போய்க் கூப்பிடவில்லை. கல்யாண வீடுகளில் ஒரே சகன் தட்டுச் சோற்றில் கைபோட்டுச் சாப்பிட்ட இரண்டு பேரும், இப்போது ஆளுக்கொரு சகன் தேடிப் போய் உட்கார்ந்தார்கள்.

யுத்தத்தில் மன்னார்ப் பாதை மூடப்பட்டதிலிருந்து பரீனாவின் புருஷனுக்கு லொறி ஓட்டமில்லை. நீர்கொழும்பில் ஒரு கடையைத் தொடங்கிவிட்டு, முதல் போதாமல் மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார். உம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த இந்த வீட்டை விற்றால்தான் கடை நிற்கும், பிள்ளைகளும் சாப்பிடும். விற்று முடிந்ததும் அவளும் பிள்ளைகளோடு நீர்கொழும்புக்கே போய்விடுவதாக இருந்தது.

வீடு விலைக்கு வந்தது தெரிந்ததுமே அஸீஸா சுஹைருக்கு ஆளனுப்பினாள். உம்மாவின் வீடு பிறத்தியாருக்குப் போகக்கூடாது. தான்தான் வாங்குவதென்று தெரிந்தால் தங்கச்சி செத்தாலும் தரமாட்டாள், அதனால் உறுதியைக் கற்பிட்டியில் தெரிந்த ஒருவர் பேரில் எழுதவேண்டும். தங்கச்சியிடம் தரகு கேட்கவே கூடாது, இரண்டு பக்கத் தரகையும் தானே தருவாள். சொன்னபடி தரகுச் சல்லியையும் எண்ணிக் கையில் வைத்துவிட்டாள்.

சுஹைர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனாலும் பரீனாவிடமும் தரகை ஒருதரம் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை என்றுதான் இன்றைக்கு வந்திருந்தார்.

"அந்தப் பக்கம் எடுக்காட்டி எனக்கு எப்படித் தங்கச்சி கட்டும்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கத்தையும் நானே தாறன்."

பரீனா அலுமாரியைத் திறந்து, விற்பனைக்கு வந்த அட்வான்ஸிலிருந்து தரகுச் சல்லியை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரே வீட்டுக்கு நாலு பக்கத் தரகு எந்தத் தரகருக்கும் கிடைத்ததாக சுஹைர் கேள்விப்பட்டதில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. யாரோ கற்பிட்டி ஆளுக்காக அவள் ஏன் கொடுக்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அந்த வீட்டிலும் குமர்ப்பிள்ளைகள் இருக்கும், கல்யாணச் செலவு வரும் என்று அவள் சொன்னாள்.

அஸீஸாவுக்குக் கல்யாண வயதில் இரண்டு மகள்மார். இவளுக்குத் தெரியுமோ என்று சுஹைருக்குச் சந்தேகம் தட்டியது.

கை சல்லியை நோக்கி நீண்டது. தனக்கும் மனச்சாட்சி என்று ஒன்று இருப்பது அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

"வாணாம் தங்கச்சி. அந்தப் பக்கத்துல ரெண்டு பங்கையும் தந்துட்டாங்க. ஒங்கட்ட ஒண்டும் எடுக்க வாணாமெண்டும் சொல்லிட்டாங்க."

பரீனா மேசையிலிருந்த சல்லியை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"அப்ப ராத்தாட சல்லியக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துருங்க, நானா."

வாங்குகிறவர் கற்பிட்டி ஆள் என்று சுஹைர் தொடங்கினார்.

"வந்து பாக்காமலே ஒரு வீட்ட வாங்குற ஆள், அதுல பொறந்த ஆளாத்தான் இரிக்கும். அட்வான்ஸ் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் பரீனா.

சல்லியைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று அவர் கேட்டார். விற்கிறவள் பிடிவாதக்காரி, கேட்கமாட்டேன் என்கிறாள் என்று சொன்னால் போதும், ராத்தா உடனே நம்பிவிடுவாள் என்றாள்.

இரண்டு ஒழுங்கை நடந்துபோய் ஒரு வார்த்தை கதைத்தால் ஒருவருக்குமே தரகுச் செலவில்லையே என்று, தன் தொழிலுக்கே உலை வைக்கிற யோசனை ஒன்றையும் சுஹைர் சொல்லிப் பார்த்தார்.

பரீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏலா நானா. எனக்குத் தெரியுமெண்டு ராத்தாட்ட வாய் திறந்துறாதீங்க. தெரிஞ்சா அவ கதைக்க வந்துருவா. அவ வந்து கதைச்சிட்டா, நான் இந்த ஊர விட்டு எப்படிப் போறது?"