நடுப்புள்ளி

அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்ததே நாற்பது பேர்தான். கணினித் திரையில் ஆளுக்கொன்றாக நாற்பத்தொரு புள்ளிகள் இருந்தன. "போன வாரம் வேலையில் சந்தேகம் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்?" என்ற கேள்விக்கு ஊழியர்கள் எழுதித் தந்த பெயர்களை, ஆய்வு செய்ய வந்திருந்த மெர்லின் கோடுகளாக இழுத்திருந்தாள். ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் போய் முட்டின.

"நடுவுல இருக்கறது யாரும்மா?" என்றார் மேலாளர் தணிகாசலம்.

"கோமளவல்லி சார். முப்பத்துமூணு பேர் எழுதியிருக்காங்க."

தணிகாசலம் டீ டம்ளரை மேஜையில் வைத்தார். எந்நேரமும் அடுத்தவர் மேஜையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள் என்று ஏழு மாதங்களுக்கு முன் அவளை வேலையைவிட்டு அனுப்பியதே அவர்தான்.

"அவ இங்க இல்லம்மா. அதை எடுத்துடு."

மெர்லின் எடுத்தாள். கோடுகள் மறைந்தன. பிடியற்றுப்போன புள்ளிகள் மூலைக்கொன்றாகச் சிதறி ஓடின.

"திரும்பப் போடும்மா!" என்றார் தணிகாசலம். எழுந்து கதவைத் திறந்தார். வெளியே கிளெய்ம்களைப் பார்க்கும் ஜோதிலிங்கம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், ஒண்ணும் கேக்கல. அந்த வெள்ளத்துல போன லாரி கிளெய்ம்ல ஒரு சந்தேகம்..."

மேலாளரைப் பார்த்ததும் அவன் பேச்சு நின்றது. மற்ற மேஜைகளிலும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். போனில் கிரைண்டர் சத்தம் அடங்கியது. "சொல்லுப்பா, இப்ப கேக்குது" என்றது அந்தக் குரல்.

தணிகாசலம் போனுக்காகக் கையை நீட்டினார்.