வாய் திறக்காத இரண்டெழுத்து

தந்தியை யாரும் வாசிக்கவில்லை. அதற்குள் அழுகை தொடங்கிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டு வரைக்கும் கம்பளையில் அந்தத் தெருவுக்கு வந்த தந்திகள் மூன்றே மூன்று. மூன்றும் மவுத்துச் செய்தி, யாரோ இறந்த சேதி. நாலாவது மட்டும் சீனி போட்டுக்கொண்டா வரும்?

கண்ணில் விழுந்த பூவை அறுக்கக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன ஸெய்னுலாப்தீன் இருபது நாளாகத் திரும்பவில்லை. வாப்பாவும் கூடப் போயிருந்தார். அந்த வீட்டில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஸெய்னுலாப்தீன்தான். கண்டியில் ஒரு பிரக்கிராசி வக்கீலின் கந்தோரில் வழக்குக் கடிதங்கள் எழுதும் கிளாக்கர்.

அவருடைய தம்பி பளீல் தந்தியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நேராகப் பிடித்தான். எப்படிப் பிடித்தாலும் அது தந்தியாகத்தான் இருந்தது.

மாமி அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடிவந்து, மருமகள் கைரியாவின் மடியில் போட்டாள்.

"என்ட மகன் போயிட்டான் புள்ள!"

பின்னாலேயே மாமியின் தங்கை வந்தாள். கைரியாவின் கையைப் பிடித்து வளையல்களைக் கழற்றத் தொடங்கினாள். புருஷனை இழந்து இத்தா இருக்கப் போகிறவளுக்கு வளையல் எதற்கு?

கல்யாணமாகி எட்டு மாதம்தான். வளையல் லேசில் வரவில்லை.

டைட் என்றால் இறுக்கம். அந்த நேரத்திலும் புருஷன் பழக்கிய அந்த இங்கிலீசுச் சொல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் சோற்றுக்குப் பிறகு மாமி கண்ணயர்ந்ததும் இந்த அறையின் கதவு சாத்தப்படும். அலுமாரிக் கதவின் உட்புறம்தான் கரும்பலகை. கண்ணில் பூ விழுந்த மனிதர், மூக்கு மரத்தில் முட்ட, வெண்கட்டியால் ஒவ்வொரு எழுத்தையும் ரொட்டி அளவு எழுதுவார்.

என் கண் போய்விட்டால் நீதான் எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டும் என்பார். இருபத்தாறையும் படித்து முடிக்கும்வரை என் கண் காத்திருக்காது, நாலைப் பிடி, ஒரு குடும்பமே கூட வரும் என்பார்.

ஐ, ஜி, எச், டி. நாலும் சேர்ந்தால் ஐட். முன்னால் எல் வந்தால் லைட், வெளிச்சம். பியும் ஆரும் வந்தால் பிரைட், பளிச்சென்று இருப்பது. எஸ் வந்தால் சைட், கண்பார்வை. ஆர் மட்டும் வந்தால் ரைட், சரி. என் வந்தால் நைட், இரவு. அதற்கும் முன்னால் டு வைத்தால் டுநைட், இன்று இரவு. எஃப் வந்தால் ஃபைட், சண்டை. அது உம்மா எழும்பினால் தானாக வரும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நடுவில் ஜியும் எச்சும் சத்தமே போடவில்லையே, அதுகள் எதற்கு என்று கேட்டாள்.

அதுகள் வீட்டு மருமகள்கள், உள்ளே இருக்கும், வாய் திறக்காது என்றார்.

முதலில் என் பெயரைப் பழக்குங்கள் என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பாள்! உன் பெயரில் இருப்பது வேறு குடும்பத்து எழுத்துகள், அது அடுத்த ஞாயிறு என்றார். அந்த ஞாயிறு வருவதற்குள் ஆஸ்பத்திரித் திகதி வந்துவிட்டது. ஆறே ஆறு ஞாயிறுகள். தன் ஆயுளில் அவள் ஆசைப்பட்டு எழும்பிய நாட்கள் அவைதான்.

இரண்டாவது வளையலும் கழன்றது. கைரியா குனிந்து மடியைப் பார்த்தாள்.

ஐ, ஜி, எச், டி.

அடுத்த சொல்லிலும் ஐ, ஜி, எச், டி. மேல்வரியில் ஓரிரண்டு எழுத்தைத் தவிர மற்றவை அவளுக்குப் பிடிபடவில்லை. கீழே இருந்தது ஐந்து சொல். ஐந்தும் அதே குடும்பம்.

ஆம்பிளைகள் காதில் விழப் பேசாதவள் அவள். அறை வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் நின்ற பளீல் அவள் குரலைச் சரியாகக் கேட்டதே இல்லை.

"அவர் மவுத்தாகல்ல! பார்வை சரியாம், வெளிச்சம் பளிச்செண்டு தெரியுதாம், இண்டைக்கு ராவு வாராராம்!"

அவள் போட்ட சத்தத்தில் சின்ன மாமியின் கையிலிருந்த வளையல்கள் தரையில் விழுந்து உருண்டன.

ஒருவரும் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றாள் மாமி. பளீல் மட்டும் தந்தியை வாங்கிக்கொண்டு ரயில் ஸ்டேசனுக்கு ஓடினான். அங்கே இங்கிலீசு தெரிந்த யாழ்ப்பாணத்துச் சுந்தரலிங்கம் கிளாக்கர் இருந்தார்.

கைரியா வளையலை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. பிழையாக வாசித்திருந்தால்? நாலெழுத்தை நம்பி ஒரு வீட்டின் அழுகையை நிறுத்திவிட்டாளே. அந்த அரை மணி நேரமும் அவள் அந்த நாலெழுத்தையும் விரலால் தரையில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பளீல் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தான். எல்லாம் மதினி சொன்னபடிதான், இரவு ரயில் கோச்சியில் வருகிறார்கள் என்றான். மாமி மறுபடியும் அழுதாள், இந்தத் தரம் காரணத்தோடு.

பிறகு அவன் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"கிளாக்கர் சிரிச்சார் மதினி. இதென்ன சின்னப்புள்ள இங்கிலீசு எண்டு கேட்டார். மேல எழுதி இரிக்கிறது உங்கட பேராம். தந்தி எங்களுக்கில்ல, உங்களுக்குத்தான் வந்திரிக்கி."

திரையின் கீழாகத் தந்தி உள்ளே வந்தது.

அந்த வீட்டுக்கு வந்த எந்தக் கடுதாசியிலும் அதுவரை ஒரு பொம்பிளையின் பெயர் இருந்ததில்லை.

கைரியா அலுமாரியைத் திறந்தாள். லைட், பிரைட், சைட், ரைட் எல்லாம் அழியாமல் இருந்தன. வெண்கட்டியை எடுத்து, தந்தியின் மேல்வரியைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பிழை இருந்தால் அவர் வந்து திருத்தட்டும்.

ரொட்டி அளவில் எழுதவில்லை. சின்னதாகவே எழுதினாள்.