ஒட்டுப்புல்

"பாய், எங்க கெளம்பிட்டே?"

"சவுக்குத் தோப்புப் பக்கம்."

"இரு, நானும் வர்றேன்."

"அதுக்குமா துணை?"

"பூச்சி பொட்டு கீதோ இன்னாவோ, நைனா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கவேல் எழுந்துவிட்டான்.

இனாயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயிலாப்பூரிலிருந்து கிளம்பியது முதல் இதே கதைதான்.

கடலோரமாகவே நடந்து மகாபலிபுரம் வரை போய்வரலாம் என்று ஆரம்பித்தவன், அத்தர் கடை ஷஃபியுல்லா. வருஷா வருஷம் போய்வந்து, உலகச் சண்டைக் காலத்தில் நின்றுபோயிருந்த நடை. "வஜீஹா போனதுலேர்ந்து நீ வாசப்படி தாண்டலை. வா, நாலு நாள் காத்து பட்டா மனசு ஆறும்" என்று இனாயத்தை இழுத்தான். ஜட்கா வண்டி ஓட்டும் தங்கவேல், பழைய சிநேகிதன், கூப்பிடாமலே வந்து சேர்ந்தான்.

இனாயத் மறுக்காமல் வந்ததற்குக் காரணம் வேறு. பிரசவத்தில் மனைவி வஜீஹா போனாள், பிள்ளையும் தங்கவில்லை. அவனுக்கு உயிர் மேல் பிடிப்பு விட்டுப்போய்விட்டது. மயிலாப்பூரில் ஏதாவது செய்துகொண்டால் ஊர் பேசும், பள்ளிவாசலில் முகம் சுளிப்பார்கள். தெரியாத கரையில் அலை இழுத்துப் போய்விட்டது என்றால், பாவம், விதி என்று குறையில்லாமல் அடக்கம் செய்துவிடுவார்கள். அதற்குக் கொஞ்ச நேரத் தனிமை போதும்.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தங்கவேல் தரவில்லை.

திருவான்மியூர் தாண்டியதும், குளிக்கப் போவதாகச் சொல்லி இனாயத் தண்ணீர்ப் பக்கம் போனான். தங்கவேல் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"கையை வுடு தங்கவேலு."

"வுடக் கூடாது பாய். கடல்ல எறங்கினா கை கோத்துக்கினுதான் எறங்கணும். எங்க பேட்டையில அதான் வழக்கம்."

நரை விழுந்த இரண்டு ஆண்பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குதிப்பதைப் பார்த்து, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கவேலும் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் இனாயத்துக்கு ஆகவில்லை. தங்கவேலின் ஒரே மகன் வேலு பட்டாளத்தோடு பர்மா போனவன். பேட்டைப் பிள்ளைகளில் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். கப்பல் வந்தபோதெல்லாம் துறைமுகத்துக்கு ஓடிய தங்கவேலிடம், போன மாதம் பட்டாளத்து ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட தகப்பன் வழியெல்லாம் பாட்டும் கிண்டலுமாக வருகிறான்! மனசா, கருங்கல்லா?

"அத்தர் பாய் கொறட்டை வுட்டா கடலே பயந்து அடங்கிடுது, பாத்தியா?" என்று அப்போதும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

தங்கவேல் இளநீர் வாங்கப் போன சமயம் இனாயத் ஷஃபியுல்லாவைப் பிடித்துக்கொண்டான்.

"ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கினு வர்றான். என்னைப் பாத்துக்கச் சொல்லி நீ ஏதாவது சொல்லி வெச்சியா?"

"நானா? நான் எதுக்குச் சொல்லப் போறேன்? மொத ராத்திரி என்கிட்டதான் விடிய விடியப் பேசிக்கினு இருந்தான். தூக்கம் வந்து, உன் பக்கம் தள்ளி வுட்டுட்டேன்."

கோவளத்தில் தர்கா முற்றத்தில் படுத்தார்கள். தங்கவேல் வழக்கம்போல் இனாயத்தின் பக்கத்திலேயே துண்டை விரித்தான்.

இனாயத்துக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. எங்கே வேண்டுமானாலும் கூட வருகிறவன், தொழுகைக்கு வர முடியாதே!

விடியலுக்கு முன் எழுந்தான். தங்கவேல் விழித்துக்கொண்டான்.

"எங்க பாய்?"

"கடல் தண்ணியில கை கால் கழுவிக்கினு, கரையிலயே தொழுதுட்டு வர்றேன். தொழற எடத்துல உனக்கு இன்னா வேலை?"

"அதுவும் சரிதான்" என்று தங்கவேல் திரும்பிப் படுத்தான்.

ஆண்டவன் பெயரால் பொய்யும் சொல்லியாகிவிட்டது. இனி என்ன இருக்கிறது? இனாயத் மணலைக் கடந்து தண்ணீரில் இறங்கினான். முழங்கால். தொடை. எதிரே வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"பாய்!"

தங்கவேல் ஈர மணலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்கல்லாம் மேக்கால பாத்துதானே தொழுவீங்க? இன்னாத்துக்குக் கெழக்கால பாத்துக்கினு நிக்கிறே?"

தங்கவேல் அலையைத் தள்ளிக்கொண்டு அவனிடமே வந்துவிட்டான். இனாயத் அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளினான்.

"யாருடா உன்கிட்ட சொன்னது? என்னை ஏண்டா காவல் காக்கறே? ஒரு மனுசனை ஒரு நிமிசம் நிம்மதியா வுட மாட்டியா?"

தங்கவேல் தடுமாறி நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உன்னையா? உனக்கு இன்னா காவல் பாய்?"

"பின்னே ஏன் இப்படிப் பிடிச்சுக்கினு அலையறே?"

தங்கவேலின் வாய் கோணிற்று. இரண்டு கையாலும் இனாயத்தின் முழங்கையைப் பற்றிக்கொண்டான்.

"என்னைக் கரைக்குக் கூட்டிக்கினு போ பாய். தனியா இருந்தா என் காலு தானா தண்ணிக்குப் போவுது. எம் புள்ளை போனப்புறம் தெனமும் இதான். பேசிக்கினே இருந்தா கொஞ்சம் அடங்குது. பேச்சு நின்னா திரும்ப வந்துடுது. நீ வேளை தவறாம தொழற ஆளு. உன் பக்கத்துல இருந்தா அந்த நெனப்பே அண்டாதுன்னுதான், நைனா, உன்னோட ஒட்டிக்கினு வந்தேன்."