நாணம் வைத்த கூறைச்சீலை

பூங்கோதைக்குச் சீலை கட்டிவிட ஆள் தேவைப்படவில்லை. பேட்டரியைச் செருகியதும் கூறைச்சீலை தானாகவே அவளைச் சுற்றிக்கொண்டு, கொசுவம் வைத்து, தலையையும் குனிய வைத்தது.

"நடக்கவே முடியலைங்க அத்தை. காலை எட்டி வெச்சாப் பிடிச்சு இழுக்குது."

"அது நாணம், கண்ணு. அதுக்குன்னே தனியாக் காசு கட்டியிருக்குது," என்றாள் மாமியார் வேதவல்லி. மண்டபத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியாகிவிட்டது. மகனின் வேட்டிக்குக் கம்பீரம் வாங்கியதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

மணவறையைச் சுற்றும்போது மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, கூரையைப் பார்த்தபடி முன்னே போனான். வேட்டி அப்படித்தான் நடத்தியது. கோத்திருந்த சுண்டுவிரல் எப்போதோ விட்டுப்போயிருந்தது. பூங்கோதையின் குனிந்த தலைக்கு அவன் கால்கள் மட்டுமே தெரிந்தன. அவை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் மேடை விளிம்புக்கு நேராகப் போவதும் தெரிந்தது. கூப்பிட்டாள், மேளத்தில் கேட்கவில்லை.

கல்லூரிக் கபடி அணியில் கணுக்கால் பிடிக்கு அவளை விட்டால் ஆளில்லை. பேட்டரியைப் பிடுங்கி எறிந்தாள். சீலையை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்தாள். தலை மேடைக்கு வெளியே தொங்க, கால் அவள் கையில் இருக்க, மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தியபடியே கிடந்தான்.

"பாத்தீங்களா எங்க சீலையை, எம்பையனைக்கூட விழ உடலை," என்று கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தாள் வேதவல்லி.

மீதிச் சுற்றுக்குப் பூங்கோதை முன்னே நடந்தாள். வரிந்து கட்டியதை இறக்கிவிடவில்லை. அவள் நடைக்கு ஈடுகொடுக்க, வேட்டி கம்பீரத்தை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது.