வேற கம்பெனி

"சார், சர்வர் நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் கேமராவுல எடுத்த போட்டோவை அப்படியே தூக்கிப் போட்டிருக்கீங்க. யானையை ஜன்னல் வழியா உள்ள விட்டா வீடு என்ன பண்ணும்?"

போனில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தன் கடையின் வலைத்தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று அந்த வாரத்தில் மறுபடியும் கூப்பிட்டிருந்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கஸ்டமர் திட்டறாங்க. சரிபண்ணிக் குடுங்க."

"போட்டோவைச் சின்னதாக்கிப் போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். படிச்சவர்தானே, புரியலையா?"

அந்தக் கடைசிக் கேள்வி தேவையே இல்லை. ஆனால் சர்வர்காரர் வாயில் தேவையில்லாததுதான் முதலில் வரும்.

"சரிங்க. நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்."

"தாராளமா" என்று போனை வைத்தார் சர்வர்காரர்.

எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக ஓடும் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு பங்கை வாடகைக்குப் பிடித்து, சின்னச் சின்னக் கடைகளின் வலைத்தளங்களை அதில் குடிவைத்து நடத்துவதுதான் அவர் தொழில். வேலையில் கெட்டிக்காரர். திருடன் நுழையாமல் காவல் போடுவதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அவர் சொல்வது எப்போதும் சரியாகவும் இருக்கும். கேட்டவர்கள்தான் நிலைப்பதில்லை.

"ஏங்க, கொஞ்சம் தன்மையாப் பேசியிருக்கலாம்ல?" என்றாள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த மனைவி. தளங்களுக்கு பேக்கப் என்கிற மறுநகல் எடுப்பது, சர்வர் வாடகை கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு.

"தப்பு அவர் மேல. நான் எதுக்குத் தன்மையாப் பேசணும்?"

"தப்பு யார் மேலன்னு நான் கேக்கலையே."

அவர் போனவர்களை விரல்விட்டு எண்ணினார். முதலில் செடி விற்கிறவர் போனார், பிறகு தையல் மெஷின் கடை, பிறகு டிரைவிங் ஸ்கூல். இப்போது இவர்.

"இப்படியே போனா சர்வரை மூடிட்டு உங்க அண்ணன் ஆபீஸ்ல போய் உக்கார வேண்டியதுதான்" என்றார்.

'மாப்ள, பிரின்டர் ஓடலையாம், என்னன்னு பாருங்க' என்று பத்துப் பேர் எதிரில் மச்சான் கூப்பிடுவதைக் கற்பனையில் கேட்டாலே அவருக்குத் தூக்கம் போய்விடும்.

கண்ணாடிக் கடையின் தளத்தை அன்றே தன் கையால் அழித்தார். அழித்துவிட்டு டிஸ்க்கைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆளுங்க போய்க்கிட்டே இருக்காங்க, டிஸ்க்குல இடம் மட்டும் காலியாகவே மாட்டேங்குதே."

"பழைய பேக்கப்பா இருக்கும். நான் பாத்துக்கறேன். நீங்க சாப்பிட வாங்க."

அடுத்த மாதம் சொல்லிவைத்தாற்போல அவருடைய மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றது. அக்கம்பக்கத்தில் வேறு கடையும் கிடையாது. ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதே கடையின் படியேறினார்.

கடைக்காரர் முகத்தில் கோபம் இல்லை. கண்ணாடியை வாங்கி விளக்கடியில் பிடித்தார்.

"உங்க வெப்சைட் இப்ப எப்படி?" என்று கேட்டுவிட்டார் சர்வர்காரர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது சார். அந்தம்மா என்ன பொறுமை தெரியுங்களா? போட்டோ பெருசா இருக்குன்னுதான் அவங்களும் சொன்னாங்க. நீங்க சொன்னப்ப கோபம் வந்துச்சு, அவங்க சொன்னப்ப புத்தி வந்துச்சு."

"எந்த அம்மா?"

"புதுக் கம்பெனி அம்மா. நேர்ல பாத்ததில்லை, எல்லாம் போன்லதான். தப்பா எடுத்துக்காதீங்க, உங்ககிட்டேருந்து போன எல்லாரும் இப்ப அங்கதான் இருக்கோம்."

திருகை முறுக்கிக் கொடுத்தவர், சின்ன வேலைதானே என்று காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார். தான் சொன்ன அதே விஷயத்தை இன்னொருத்தி சொல்லி, தன் ஆட்களை எல்லாம் கொண்டுபோய்விட்டாள். இனி பிடிவாதம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

மச்சானுக்குப் போன் போடச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தால், மனைவி பால்கனியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். போகிற போக்கில், தன்னைத் தோற்கடித்த அந்த சர்வர் யாருடையது என்றாவது தெரிந்துகொள்ளலாமே.

ஒவ்வொரு சர்வருக்கும் போன் நம்பர் மாதிரி ஓர் எண் உண்டு. கடைக்காரரின் தளத்தைத் திறந்தார். பளிச்சென்று வந்தது. அது இருக்கும் சர்வரின் எண் என்ன என்று தட்டிக் கேட்டார்.

வந்த எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தன் போன் நம்பரை மறந்தாலும் அந்த எண்ணை அவர் மறக்கமாட்டார். அது அவருடைய சர்வர்தான்.

பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்படியா சார், பழைய கம்பெனிக்காரர் வந்திருந்தாரா? வேலையில அவரை மிஞ்ச ஆள் கிடையாது சார், பேச்சுதான் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்... அது இருக்கட்டும், கண்ணாடித் திருகை நல்லா இறுக்கி விட்டீங்கள்ல?"